குளத்துக்கு மேலே இருக்கும் மேடு: படுவான்கரையில் மண்ணையும் மழைநீரையும் மறித்த அனுபவம்

மட்டக்களப்பை வறட்சி மாவட்டம் என்று சொன்னால், மார்கழி மாதத்தில் இங்கு வந்து போன எவரும் நம்பமாட்டார். ஆண்டொன்றுக்குச் சராசரியாக 1,600 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் மாவட்டம் இது. டிசம்பரில் மட்டும் 400 மில்லிமீற்றரை அண்டிய மழை விழும். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குச் செல்லும் வீதிகள் மூழ்கித் தோணி தேட வேண்டிய நாட்களும் வரும். அதே கிராமங்களுக்கு ஆவணி, புரட்டாதி மாதங்களில் பவுசரில் குடிநீர் கொண்டுவரப்படுகிறது. ஐப்பசி முதல் தை வரை கொட்டும் மழையில் பெரும்பகுதி சில மணி நேரத்துக்குள் ஓடைகளுக்கும் அங்கிருந்து வாவிக்கும் போய்விடுவதால், மாசிக்குப் பிறகு வரும் மாதங்களை நிலத்தில் எஞ்சியிருப்பதைக் கொண்டே கழிக்க வேண்டியிருக்கிறது. இடையில் பங்குனி, சித்திரையில் விழும் சில மழைகள் கிணற்றடியைச் சற்று நனைப்பதோடு சரி. வைகாசி பிறந்து, கண்ணகை அம்மன் கோவில்களில் குளிர்த்திச் சடங்கு நடக்கும் காலத்தில் கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்றும் எழுந்துவிட்டால், மிச்சமிருக்கும் ஈரத்தை அது உறிஞ்சிக்கொண்டு போய்விடும்.

நான் படுவான்கரையின் மேற்கு ஓரத்தில், ஒரு சிறு குளத்தை நம்பி வயலும் அதற்கு மேலே மேட்டு நிலமும் செய்யும் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவன். எங்கள் கமக்காரர் அமைப்பில் சில காலம் செயலாளராக இருந்தேன். உன்னிச்சை, நவகிரி போன்ற பெருங்குளங்களின் வாய்க்கால் எதுவும் எங்கள் வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, எட்டுவதில்லை. 1949 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கல்லோயாத் திட்டத்தால் அம்பாறைப் பக்கத்து வயல்களுக்குக் கிடைத்த சிறுபோக (கோடைக்கால நெற்செய்கை) நம்பிக்கை எங்களுக்குக் கிடைத்ததில்லை. 80 ஹெக்டெயர் அல்லது அதற்குக் குறைந்த பரப்புக்கு நீர் கொடுக்கும் சிறு குளங்களில் ஒன்றுதான் எங்களுடையது. அப்படிப்பட்ட குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் வருகின்றன. இத்தகைய சிறு குளத்தைக் காப்பாற்றுவது பற்றிப் பேசும் கூட்டங்களில் எல்லாரும் குளத்தை ஆழமாக்குவதைப் பற்றியே பேசுவார்கள். எங்கள் அனுபவத்தில், குளத்துக்கு மேலே கிடக்கும் மண்ணை அதன் இடத்தில் நிறுத்திவைக்கும் வேலை முதலில் நடக்க வேண்டும். தோண்டும் வேலை அதற்குப் பிறகுதான்.

2011 ஆம் ஆண்டு தை மாத வெள்ளம் கிழக்கு மாகாணம் முழுவதையும் புரட்டிப்போட்டபோது எங்கள் குளக்கட்டும் உடைந்தது. பிறகு கட்டுத் திருத்தப்பட்டது. பெக்கோ இயந்திரம் வைத்து உட்பகுதியும் தோண்டப்பட்டது. ஆனால் 2016 – 2017 மாரிக்காலப் பெரும்போகத்தில், நாற்பது ஆண்டுகளில் கண்டிராத கடும் வறட்சி என்று சொல்லப்பட்ட அந்தக் காலத்தில், குளம் அடிவரை வற்றியபோது, தோண்டிய இடத்தில் பாதிக்கு மேல் மறுபடியும் தூர்ந்திருப்பது தெரிந்தது. ஓடை குளத்தில் வந்து விழும் வாயருகே, விசிறியை விரித்ததுபோல மணல் பரவிக் கிடந்தது. ஊற்றுநீருக்குப் பூவல் தோண்டுவதற்காக அதில் நெஞ்சளவு ஆழத்துக்கு வெட்டிய குழியின் சுவரில் படைகள் தெளிவாகப் பிரிந்து தெரிந்தன: கீழே பருமணல், அதன்மேல் விரல் தடிப்பில் வழுவழுப்பான களி, மறுபடி பருமணல், மறுபடி களி. ஒவ்வொரு மாரியும் முதல் வெள்ளத்தில் பருமணலைத் தள்ளி, பின்னர் நீர் தெளியும்போது களியைப் படியவிட்டுப் போயிருக்கிறது. அந்தப் பருமணலைக் கையில் எடுத்துப் பார்த்தால், எங்கள் கச்சான் (நிலக்கடலை) தோட்டத்தில் செருப்புக்குள் புகுந்து உறுத்தும் அதே வெள்ளைக் குருணி மணல்தான்.

கூடவே நின்ற முதியவர் ஒருவர், நெடுங்காலம் வயல்களின் நீர்ப்பங்கீட்டைப் பார்க்கும் வட்டைவிதானையாக இருந்தவர், குழியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மனே, ஓடையில வாற தண்ணி கலங்கி வருதா, தெளிஞ்சு வருதா எண்டு பாரு. கலங்கி வந்தா அது நம்மட வளவு கரைஞ்சு வாற தண்ணி. நாம குளத்தத் தோண்டித் தோண்டி நம்மட வளவத்தான் வெளிய எடுத்துக் கொட்டுறம்."

அவர் சொன்னதை ஒரு கணக்காகவும் பார்க்கலாம். ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் தடிப்பில் மண் போனால் அது ஏறத்தாழ ஒன்றரைக் கியூப் (ஒரு கியூப் என்பது நூறு கன அடி). கண்ணுக்கே தெரியாத இந்தத் தேய்வு, மேட்டில் உள்ள ஐம்பது ஏக்கரில் ஒரு மாரியில் நடந்தால் எழுபது கியூபுக்கு மேற்பட்ட மண் இடம்பெயரும். அவ்வளவும் குளத்துக்கு வருவதில்லை, வழியில் ஆங்காங்கே தங்கும். ஆனாலும் குளம் ஏன் தூர்கிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

எங்கள் மேட்டு நிலத்தின் இயல்பும் இதற்குக் காரணம். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் உட்பகுதிகளில் செங்கபில மண்ணும், சுண்ணாம்பற்ற கபில மண்ணும் பரவலாக உண்டு. எங்கள் பக்கத்தில் அதிகம் இருப்பது இரண்டாவது வகை: மேலே மணல் கலந்த இருவாட்டி, சேதனப் பொருள் மிகக் குறைவு, கீழே பல இடங்களில் பரல் கற்கள். காய்ந்தால் மேற்பரப்பு இறுகி ஒரு தோல் போட்டுக்கொள்ளும். கோடை முழுவதும் வெறுமையாகக் கிடந்த இந்த நிலத்தில் ஐப்பசியின் முதல் கனமழை விழும்போது, துளியின் அடியில் மண்மணிகள் சிதறி நுண்துளைகளை அடைத்துவிடுகின்றன. அதன்பிறகு எவ்வளவு பெய்தாலும் மேலாகவே ஓடுகிறது. முழங்கால் உயர மிளகாய்க் கன்றின் கீழ் இலைகளை மழைக்கு மறுநாள் புரட்டிப் பார்த்தால், இலையின் அடிப்பக்கத்தில் செம்மண் பொட்டுக்கள் தெறித்து ஒட்டியிருக்கும். வைக்கோல் பரப்பிய வரிசையில் அந்தப் பொட்டு இருக்காது. மண் அரிப்பு என்றால் என்ன என்று இளைஞர்களுக்கு விளக்க வேண்டியிருந்தபோது நான் வேறெதையும் காட்டவில்லை; இந்த இரண்டு இலைகளையும் காட்டியதே போதுமாக இருந்தது.

வேலையை எங்கிருந்து தொடங்குவது என்பதில் அமைப்புக்குள் பெரிய வாதம் நடந்தது. குளத்தை ஒட்டிய காணிக்காரர்கள் தங்கள் பக்கத்தில் தொடங்க வேண்டும் என்றார்கள். ஆனால் மேலிருந்து வரும் ஓட்டத்தைக் குறைக்காமல் கீழே போடும் வரம்பு எதுவும் ஒரு மாரியைத் தாண்டாது. கீழ்க்காணியில் வரம்பு உடையும்போது, அதன் பின்னால் சேர்ந்து நின்ற நீர் ஒரே வாய் வழியாகப் பாய்ந்து, வரம்பே இல்லாதிருந்தால் வந்திருக்கக்கூடியதை விடப் பெரிய கிடங்கை வெட்டிவிடும். எனவே மேட்டின் உச்சியில், நீர் இரண்டு பக்கமும் பிரியும் முதுகிலிருந்து தொடங்கினோம். அங்கு ஓட்டத்தின் வேகம் குறைவு. ஒருவர் மண்வெட்டியால் போடும் வரம்பே அதை நிறுத்திவிடும்.

வரம்பு செல்ல வேண்டிய சம உயரக் கோட்டைக் குறிக்க விலை கொடுத்து வாங்கும் கருவி எதுவும் தேவையில்லை. ஆறரை அடி நீளமான இரண்டு நேரான தடிகளை உச்சியில் சேர்த்துக் கட்டி, அடிகள் ஆறு அடி இடைவெளியில் நிற்கும்படி விரித்து, நடுவில் ஒரு குறுக்குத் தடி பொருத்தி, உச்சியிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிட்டால் மட்டச் சட்டம் தயாராகிவிடும். அதன் நடுப்புள்ளியைக் கண்டுபிடிப்பதில்தான் கவனம் தேவை. சட்டத்தை ஓரிடத்தில் நிறுத்தி, இரு அடிகளும் நிற்கும் இடத்தை முளைக்கம்பால் குறித்து, நூல் குறுக்குத் தடியைத் தொடும் இடத்தில் ஒரு கோடு போட வேண்டும். பின் சட்டத்தைத் திருப்பி, முன்பு வலது அடி நின்ற முளையில் இடது அடி நிற்கும்படி வைத்து, நூல் தொடும் இடத்தில் மறுகோடு போட வேண்டும். இரண்டு கோடுகளுக்கும் நடுவே வருவதுதான் மட்டம். பிறகு ஒரு அடியை ஊன்றி, நூல் அந்த நடுக்கோட்டைத் தொடும் வரை மறு அடியை மேலும் கீழும் நகர்த்தி, நின்ற இடத்தில் முளை அடித்துக்கொண்டே போகலாம். காற்று வீசும் நேரத்தில் நூல் ஆடிக்கொண்டே இருக்கும்; கச்சான் காற்றுக் காலத்தில் இந்த வேலையை விடியற்காலையில் முடித்துவிட வேண்டும்.

முளைகள் வளைந்து வளைந்து செல்லும் கோட்டைப் பார்த்துப் பலருக்கு மனம் ஒப்பவில்லை. நேரான வரம்புக்குப் பழகிய கண்ணுக்கு இது குடிகாரன் போட்ட கோடாகத் தெரியும். சிறு நெளிவுகளைச் சற்று நேராக்கிக்கொள்ளலாம். ஆனால் உழவுக்கு வசதி என்று முழுவதையும் நேராக்கினால், வரம்பின் தாழ்ந்த முனை வாய்க்காலாக மாறிவிடும். நூறு அடிக்கு மூன்றடி இறங்கும் எங்கள் நிலத்தில், 60 முதல் 90 அடிக்கு ஒரு வரம்பு என்று இட்டோம். வரம்பின் அடி அகலம் நாலைந்து அடி, உயரம் ஒன்றரை அடி. மண்ணை மேற்பக்கத்தில் வெட்டி எடுத்ததால் அங்கு ஒரு கானும் உண்டானது. அந்தக் கானைத் தொடர்ச்சியாக விடாமல், பத்துப் பதினைந்து அடிக்கு ஒருமுறை வெட்டாத மண்ணைத் தடுப்பாக விட்டோம்; அப்போது ஒவ்வொரு துண்டும் தனித்தனித் தொட்டியாக நீரைப் பிடித்து அங்கேயே இறக்கும். மிஞ்சும் நீர் வெளியேறுவதற்கு, வரம்பு உச்சியிலிருந்து அரை அடி தாழ்த்தி, கல் பரப்பிய ஒரு வாய் கட்டாயம் வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரே நாளில் 150 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் பெய்வது புதிதல்ல. அந்த நீர் முழுவதையும் மறிக்க முயலும் வரம்பு நிச்சயம் உடையும்.

வெறும் மண் வரம்பு இரண்டு மாரியில் கரைந்துவிடும் என்பதால், கார்த்திகை ஈரத்திலேயே அதன்மேல் கிளிரிசீடியா என்னும் வேலிமரத்தின் கதியால்களையும், கீழ்ச்சரிவில் வெட்டிவேரையும் நட்டோம். வெட்டிவேர்த் தூர்களை நாலு விரற்கட்டை முதல் அரை அடி வரையான இடைவெளியில் நெருக்கமாக நட வேண்டும். தூர்களுக்கு நடுவே இடைவெளி கிடந்தால் நீர் அதைத்தான் தேடிப் போகும். முற்றிய வெட்டிவேரையும் கிளிரிசீடியாவையும் எங்கள் பட்டி மாடுகள் விரும்பித் தின்பதில்லை. ஆனால் தின்னாவிட்டாலும் மிதிக்கும். கோடையில் பட்டி தண்ணீருக்கு வரும் பாதை வரம்பைக் குறுக்கே வெட்டும் இடத்தில்தான் முதல் உடைப்பு எப்போதும் வந்தது. வேலி போட்டுத் தடுக்க முனைந்ததில் பட்டிக்காரர்களோடு மனக்கசப்புத்தான் மிஞ்சியது. பிறகு அவர்களுடனேயே பேசி, பாதை கடக்கும் ஓரிடத்தைத் தெரிந்து, அங்கு வரம்பை அகலமாக்கிக் கல் பதித்துக் கொடுத்தோம். இப்போது மாடுகள் அந்த வழியாகத்தான் போகின்றன.

வரம்பை விடப் பெரிய சிக்கல் உழவு. மேட்டு நிலத்தை நான்கு சக்கர உழவு இயந்திரத்தில் உழுபவர், ஏக்கர் கணக்கில் கூலி வாங்குபவர். திரும்பும் இடம் குறைந்தால் அவருக்கு நேரம் மிச்சம், எரிபொருள் மிச்சம். காணிகள் பெரும்பாலும் ஓடை நோக்கி ஒடுங்கிய நீள்துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், நீளவாக்கில் உழுவது என்பது இறக்கத்தின் வழியே மேலிருந்து கீழாக உழுவதாகிவிடும். அப்படி உழுத ஒவ்வொரு சாலும் மழைநீருக்கு வெட்டிக் கொடுத்த கான்தான். குறுக்கே உழுங்கள் என்று கேட்டபோது, ஒரு சாரதி மறுத்துவிட்டுப் போனார்; இன்னொருவர் கூடுதல் கூலி கேட்டார். கடைசியில், அடுத்தடுத்த காணிக்காரர்கள் சிலர் சேர்ந்து, எல்லை வரம்புகளைப் பொருட்படுத்தாமல் காணிகளுக்குக் குறுக்காக ஒரே நாளில் உழுவித்தார்கள். ஓட்டம் நீண்டதால் கூலியும் பழைய அளவிலேயே நின்றது. எல்லைக் கல்லை மட்டும் முதலில் எல்லாருமாகச் சேர்ந்து குறித்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் உழுதால் மறுநாள் கிராம உத்தியோகத்தரிடம் போக வேண்டி வரும்.

இங்கு ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. இலங்கையில் மண் பாதுகாப்புச் சட்டம் 1951 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. எழுபது ஆண்டு கடந்தும் எங்கள் ஊரில் அதன் பெயரைக் கேட்டவர்கள் மிகச் சிலர். மண் அரிப்பு என்றால் மலையகத்துத் தேயிலைச் சரிவுகளில் நடப்பது என்ற எண்ணம் அதிகாரிகளிடமும் எங்களிடமும் ஒரே அளவுக்கு இருந்திருக்கிறது. நூறு அடிக்கு மூன்றடி இறங்கும் நிலத்தைச் சரிவு என்றே நாங்கள் கணக்கெடுத்ததில்லை.

வைக்கோல் விடயத்துக்கு வருகிறேன். பெரும்போக அறுவடை இயந்திரத்தில் முடிந்ததும் வைக்கோல் வயலிலேயே நீள வரிசையாகக் கிடக்கும். அதை எரிப்பது எங்கள் பகுதியில் வழக்கமாகிவிட்டது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டபோது, சேதனப் பசளை என்று எல்லாரும் ஓடித் திரிந்தார்கள்; அதற்குச் சற்று முன்னர், மாசி, பங்குனியில் எரித்த வைக்கோலின் சாம்பல் அப்போதும் வயலில் கறுப்பாகக் கிடந்தது. அந்தத் தடை தீர்மானிக்கப்பட்ட விதத்தையும் அதனால் வந்த நட்டத்தையும் நான் எந்த வகையிலும் நியாயப்படுத்தமாட்டேன். ஆயினும், எரிக்காமல் எடுத்துவந்து மேட்டு நிலப் பயிர் வரிசைகளுக்கு இடையே நாலு விரற்கட்டைத் தடிப்பில் பரப்பிய வைக்கோல், அந்த ஆண்டு கத்தரிக்கும் மிளகாய்க்கும் செய்த உதவியை நேரில் கண்டவர்கள் அதை விடவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் நீர் ஊற்றிய இடத்தில், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஊற்றினால் போதுமாக இருந்தது. வைக்கோலைக் கரையான் பிடிக்கும் என்பது உண்மை. பயிரின் தண்டைத் தொடாமல் ஒரு சாண் விட்டுப் பரப்பினால் தொல்லை குறையும். வைக்கோல் போதாத இடத்தில் வரம்பிலிருந்து வெட்டிய கிளிரிசீடியாத் தழையைப் போட்டோம். அது விரைவாக உக்கி, மண்ணுக்குத் தழைச்சத்தையும் கொடுக்கும்.

நெல் அறுத்த வயலின் ஈரத்தை வீணாக்காமல் உடனே பயறு விதைப்பதும் நல்ல பலன் தந்தது. அறுவடைக்கும் விதைப்புக்கும் இடையில் நாள் கடத்தினால் மண் இறுகி, முளை மேலே வராது. சிறுபோகத்துக்குக் குளத்தில் நீர் குறைவு என்று தெரிந்த ஆண்டுகளில், முழு வட்டையையும் விதைக்காமல், பயிர்ச்செய்கைக் கூட்டத்திலேயே குளத்து மதகான துருசுக்கு அண்மையான பகுதியை மட்டும் தெரிந்து, அதை எல்லாக் குடும்பங்களுக்கும் பங்கிட்டு, இரண்டரை மாதத்தில் விளையும் பீஜீ 250 போன்ற நெல்லினத்தை விதைப்பதே நல்லது. பங்கீட்டில் சண்டை வரத்தான் செய்யும். ஆனால் எல்லாரும் விதைத்து எல்லாருடையதும் கதிர்ப் பருவத்தில் கருகிய ஆண்டின் நினைவு இருப்பதால், அந்தச் சண்டை இப்போது கூட்டத்தோடு முடிந்துவிடுகிறது.

குட்டை வெட்டும் ஆசை இவ்வளவுக்கும் பிறகுதான் வந்தது. குட்டையைப் பற்றி எங்கள் பகுதியில் பரவியிருக்கும் எதிர்பார்ப்பு மிகப் பெரியது. ஆகவே கணக்கைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பத்து மீற்றர் நீளமும் எட்டு மீற்றர் அகலமும் இரண்டரை மீற்றர் ஆழமும் கொண்டு, பக்கங்கள் சரிவாக வெட்டப்பட்ட குட்டை ஒன்றில் ஏறத்தாழ 120 கன மீற்றர், அதாவது 1,20,000 லீற்றர் நீர் நிற்கும். கோடையில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 5 முதல் 6 மில்லிமீற்றர் ஆவியாகிறது. நூறு நாளில் அது அரை மீற்றரைத் தாண்டும். அடியில் கசிவதையும் கழித்தால், பயிருக்கு 80,000 லீற்றர் கிடைத்தால் நல்ல விடயம். எட்டில் ஒரு ஏக்கர் மிளகாய்த் தோட்டத்துக்கு நாளொன்றுக்கு 2,500 லீற்றர் தேவைப்படும் என்று வைத்தால், அது ஒரு மாதத்துக்குத்தான் வரும். ஆகவே குட்டையை நம்பி கோடை முழுவதும் பயிர் செய்ய முடியாது. மாரிப் பயிர் பூக்கும் வேளையில் மழை இரண்டு வாரம் தவறும்போது ஒரு தண்ணீர் கொடுத்துக் காப்பாற்றவும், நாற்றுமேடைக்கும், ஆடு மாடுகளுக்கும், வீட்டுத் தோட்டத்தின் சில வரிசைகளுக்கும் அது போதும்.

இப்போது மண்ணின் கணக்கைப் பாருங்கள். எங்கள் மணல் இருவாட்டி, அரை மீற்றர் ஆழத்துக்குள், பயிர் எடுக்கக்கூடிய நீராக ஏறத்தாழ 50 மில்லிமீற்றர் அளவைத் தாங்கும். ஏக்கருக்கு அது 2,00,000 லீற்றர். பெக்கோவுக்கு வாடகை கொடுத்து வெட்டிய குட்டையை விடக் கூடுதலான கொள்ளளவு, ஒவ்வோர் ஏக்கரின் அடியிலும் செலவில்லாமல் கிடக்கிறது. மேற்பரப்பின் தோலை உடைத்து, ஓட்டத்தை மறித்தால் அது தானாக நிரம்பும். மேல்மண் அரிபட்டுப் பரல் வெளியே வந்த காணிகளில் இந்தக் கொள்ளளவில் பாதியும் இல்லை. மண் போனால் நீரைத் தாங்கும் இடமும் போகிறது என்பதை, இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டியபோதுதான் கூட்டத்தில் பலர் ஒத்துக்கொண்டார்கள்.

குட்டை வெட்டுவதானால் கவனிக்க வேண்டியவை சில உண்டு. மணற்பாங்கான இடத்தில் வெட்டாமல், மழைக்குப் பிறகு பல நாள் நீர் தேங்கி நிற்கும் களிப்பிடத்தைத் தெரிய வேண்டும். பரப்பைக் கூட்டுவதை விட ஆழத்தைக் கூட்டினால் ஆவியாதல் குறையும். நீர் நுழையும் வாய்க்கு முன்னால், இரண்டு மீற்றர் நீள அகலத்தில் ஒரு சிறு கிடங்கு வெட்டி, வண்டலை அங்கேயே படியவிட்டு, மழைக்கு மழை அள்ளி மேட்டில் போட வேண்டும். ஒரு பக்கத்தையாவது படியாகவோ மிகச் சரிவாகவோ விட வேண்டும். நேர்ச்சுவராக வெட்டிய குட்டையில் கன்று விழுந்தால் ஏறாது, பிள்ளை விழுந்தாலும் ஏறாது. சுற்றி வேலி இல்லாமல் வீட்டருகே குட்டை வெட்டவே கூடாது. யானை வரும் கிராமங்களில், கோடையில் நீர் நிற்கும் ஒரே குழி வீட்டு வளவுக்குள் இருப்பது எவ்வளவு பாதுகாப்பு என்பதையும் யோசிக்க வேண்டும். எங்கள் ஊரில் இந்தக் காரணத்தாலேயே இரண்டு குடும்பங்கள் குட்டை வேண்டாம் என்றுவிட்டன, அது சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன்.

குடிநீருக்குக் கூரை மழைநீர்த் தொட்டி. இலங்கையில் 1995 ஆம் ஆண்டளவில் பதுளை, மாத்தறை மாவட்டங்களில் அறிமுகமான 5,000 லீற்றர் சீமெந்துத் தொட்டிகள் பின்னர் வறண்ட வலயமெங்கும் பரவின; 2005 ஆம் ஆண்டில் தேசிய மழைநீர்க் கொள்கையும் வந்தது. 50 சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழைக்கு, சிந்துவது போக 40 லீற்றர் சேரும். 125 மில்லிமீற்றர் மழையில் தொட்டி நிரம்பிவிடும். அது எங்களுக்கு ஒரு கிழமை மழை. ஐந்து பேர் கொண்ட வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் நாளொன்றுக்கு 40 லீற்றர் எடுத்தால் 125 நாள் வரும். தை முடிவில் நிரம்பிய தொட்டியைக் கிணறு வற்றும் வரை தொடாமல் வைத்திருந்த வீட்டுப் பெண்கள்தான் ஆவணியில் பவுசரை எதிர்பார்க்காமல் இருந்தார்கள். மாசியிலேயே எடுக்கத் தொடங்கிய வீடுகளில் ஆனி பிறக்கும்போது தொட்டி காய்ந்திருந்தது. முதல் மழையின் கூரைக் கழுவலைத் தொட்டிக்குள் விடாமல் திருப்பிவிடுவதும், வெளிச்சம் புகாமல் மூடிவைப்பதும், நுளம்பு போகாமல் வலை கட்டுவதும் எல்லாருக்கும் தெரிந்தவைதான். தெரிந்தும் வலை கிழிந்து கிடக்கும் தொட்டிகளே அதிகம். சுனாமிக்குப் பின்னரும் போருக்குப் பின்னரும் வந்த பல திட்டங்கள் தொட்டியைக் கட்டிக் கொடுத்துப் பெயர்ப்பலகையையும் நட்டுப் போயின. கூரைநீரைக் கொண்டுவரும் பீலி உக்கினால் மாற்றுவதற்கு யாரிடம் போவது என்ற கேள்விக்கு அந்தப் பலகைகளில் விடை இல்லை.

மேட்டு வேலை ஓரளவு நிலைத்த பின்னர்தான் குளத்தைத் திருப்பித் தொட்டோம். இம்முறை முழுக் குளத்தையும் தோண்டவில்லை. அடியில் நெடுங்காலமாகப் படிந்த களிப்படையை உடைத்தால் நீர் கீழே இறங்கிவிடும் என்று முதியவர்கள் சொன்னது சரியே. ஓடை வாயருகே சேர்ந்த மணலையும் துருசுக்கு முன்னால் கிடந்த தூரையும் மட்டும் எடுத்தோம். எடுத்த களிமண்ணை உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏற்றி, பரல் தெரியும் காணிகளில் போட்டோம். ஓடை குளத்தில் சேரும் இடத்தில் புல்லும் பற்றையும் வளரவிட்டு, அதற்கு மேல் மருது, நாவல் கன்றுகளை நட்டோம். குளக்கட்டில் மட்டும் பெருமரம் வளரவிடக் கூடாது. மரம் பட்டால் உக்கிய வேரின் வழியே நீர் கசிந்து கட்டைத் தின்னும். மிகைநீர் வழியும் வானில் மணல் மூட்டை அடுக்கி நீர்மட்டத்தை உயர்த்தலாம் என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது சொல்வார்கள். ஒரு மூட்டை உயரம் என்பது மேலே உள்ளவரின், குளத்தின் மேல்விளிம்பான அலைகரையை ஒட்டிய வயல் மூழ்கும் உயரம். மாரி நடுவில் கட்டு உடையும் ஆபத்தும் அதில் இருக்கிறது. அதற்கு நாங்கள் இணங்கவில்லை.

இப்போதும் கனமழைக்கு ஓடை கலங்கித்தான் வருகிறது, ஆனால் மழை விட்ட மறுநாள் தெளிந்துவிடுகிறது. முன்பு நாட்கணக்கில் செந்நிறமாகவே ஓடும். குளத்துக்குக் கீழுள்ள கிணறுகளில் நீர் ஆடி வரை நிற்கிறது. மேட்டுக் கிணறுகளில் அவ்வளவு மாற்றம் இல்லை. கீழே ஆற்றில் மணல் அகழ்வது தொடரும் வரை அந்தப் பக்கத்துக் கிணறுகளைப் பற்றி எங்களால் எதுவும் செய்ய முடியாது, அது ஒரு கமக்காரர் அமைப்பின் கைக்கு அப்பாற்பட்டது.

தீராத ஒன்று மேட்டின் உச்சியிலேயே இருக்கிறது. அங்குள்ள பெரிய துண்டின் உரிமையாளர் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் வசிக்கிறார். காணியைச் சோளன் செய்பவர்களுக்கு ஆண்டுக் குத்தகைக்குக் கொடுக்கிறார். குத்தகைக்காரருக்கு அடுத்த மாரி அந்த நிலத்தில் வேலை இல்லை. வரம்பு அவருக்கு உழவை மறிக்கும் தடை மட்டுமே. சென்ற முறை அவர் நாங்கள் போட்ட வரம்பில் ஒன்றை உழுது சமப்படுத்திவிட்டார். உரிமையாளரிடம் பேசி, வரம்புகளை அழிக்கக் கூடாது, இறக்கத்துக்குக் குறுக்கேதான் உழ வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளைக் குத்தகைப் பத்திரத்தில் எழுதிக்கொள்ளும்படி கேட்டிருக்கிறோம். புரட்டாதியில் குத்தகை புதுப்பிக்கப்படும். அதற்குள் உரிமையாளர் கையெழுத்திட்டால் ஐப்பசி மழைக்கு முன்னர் அந்த வரம்பைத் திருப்பிப் போட நாள் இருக்கும், இல்லாவிட்டால் அதன் கீழ்க்காணிக்காரர்கள் தங்கள் எல்லையில் ஒரு கற்கட்டுப் போட வேண்டியதுதான். அதற்கான கல்லை இப்போதே சேர்த்துவருகிறார்கள்.